அரசாங்கத் தண்ணீர் வந்த பிறகும் மலேசியத் தோட்டங்களில் குடிநீர்ப் பிரச்சினை ஏன் தீரவில்லை?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது டவுனுக்கு வந்துவிட்டேன், அக்கா குடும்பம் இன்னும் லயத்தில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். என்னைக் கேட்டால், முதலில் தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பல தோட்டங்களில் மொத்தத்துக்கும் ஒரே மீட்டர்தான், அதுவும் நுழைவாயிலில். அதுவரை வருவது சுத்திகரித்த தண்ணீர். அதைத் தாண்டியபின் தொட்டி, குழாய், வால்வு எல்லாம் நிர்வாகத்தின் பாடு. பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கும். தண்ணீர் அழுத்தமாக ஓடும்போது விரிசலில் வெளியே கசியும். நின்றுவிட்டால் வெளியே தேங்கிய அழுக்கு நீர் அதே வழியாக உள்ளே புகுந்துவிடும். அக்கா குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர் நின்று வந்த நாளில் அது சாயங்காலத்துக்குள் டீச்சாயம் ஏறிக் கிடக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446, தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. ஆனால் அது வேலை செய்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். ஓய்வு பெற்று, போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட கிழவன் கிழவி எந்தக் கணக்கில் வருவார்கள்? தோட்டம் கைமாறினால் இவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தால் பாதித் தலைவலி தீரும். ஆனால் நிலம் தனியாருடையது, குழாய் பதிக்க அவர்கள் சம்மதம் வேண்டுமே!

சரி, அதுவரை என்ன செய்வது? படிகாரம் மண்ணைப் படிய வைக்கும், கிருமியை முழுக்கப் போக்காது. குளோரின் கொல்லும், கலங்கல் தண்ணீரில் அதன் பலம் குறைந்துவிடும். அதனால் தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்து, பிறகு கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்தால் போதும், கேஸைத் தீர்க்க வேண்டாம். அப்புறம், செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) அடிக்கும் களைக்கொல்லியும் உரமும் கலந்த ஓடைத் தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது குடிக்க ஆகாது.

தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் எழுதப் போகிறீர்களா? மீட்டர் பக்கத்தில் ஒரு பாட்டில், லயத்துக் குழாயில் ஒரு பாட்டில், ஒரே நாளில் பிடித்துப் படமெடுத்து இணைத்துவிடுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அப்புறம் யாரும் மழுப்ப முடியாது.