வாங்குமுன் கேளுங்கள்: முதல் அடிக்கு முன் முன்பணமா?

கேள்வி: வயது 36. தம்பியின் திருமண வரவேற்பில் நானும் மனைவியும் வால்ட்ஸ் ஆட வேண்டும் என்கிறார்கள். நினைத்தாலே கால் நடுங்குகிறது. விசாரிக்கப் போன நடன வகுப்பில், 40 பாடங்களுக்கு இன்றே கட்டினால் பாதிக் கழிவு என்றார்கள். கட்டலாமா?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: கட்ட வேண்டாம். "இன்று மட்டும்" என்ற இரண்டு சொற்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. காணி விற்பவர்கூட யோசிக்க நாலு நாள் தவணை தருகிறார். நடனம் சொல்லித் தருபவருக்கு மட்டும் பொழுது சாய்வதற்குள் ஏன் பணம் வேண்டும்? கூச்சத்தோடு வாசலில் நிற்பவருக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று திரும்பி வருவதைவிடக் காசைக் கட்டிவிடுவது எளிது என்பதும், அதே கூச்சம் மூன்றாம் வாரத்தில் அவரை வீட்டிலேயே இருத்திவிடும் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் போகாமல் விடும் ஒவ்வொரு பாடமும் அவர்களுக்கு உழைக்காமல் வரும் வரவு. 24 பாடங்களுக்குக் கட்டி ஐந்தோடு நின்றவன் நான். மீதிப் பாடங்களுக்கான அட்டை இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

உங்கள் தேவை சிறியது. மெதுவான வால்ட்ஸ் நிமிடத்திற்கு 84 முதல் 90 தட்டுகள் கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு சதுரமாக ஆறு அடி வைக்கப் பழகி, அதையே மெல்லத் திருப்பி ஆடத் தெரிந்தால் ஒரு பாட்டைச் சமாளித்துவிடலாம். அதற்கு 40 பாடங்கள் தேவையில்லை. முதலில் ஒரு வகுப்பைச் சும்மா இருந்து பாருங்கள். ஆசிரியர் பின்வரிசையில் தடுமாறுபவரின் பாதத்தைக் கவனிக்கிறாரா, முன்வரிசைக் கெட்டிக்காரர்களோடு தானும் ஆடிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, பாடத்துக்குப் பாடம் காசு வாங்குபவரிடம் சேருங்கள்.

கேள்வி: சல்சா பழகத் தொடங்கி இரண்டு வாரம். மூன்று அங்குலக் குதி வைத்த நடனச் சப்பாத்தை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கவா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இரண்டு மாதம் பொறுங்கள், அப்போதும் ஆசை இருந்தால், ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் குதியோடு, கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். குதியைவிட அடிப்பகுதி முக்கியம். இறப்பர் அடி தரையைப் பற்றிக்கொள்வதால், உடல் திரும்பும்போது சப்பாத்து திரும்பாமல் நிற்க, முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். அதனால்தான் நடனச் சப்பாத்துக்கு ஸ்வேட் (மேலே பிசிர் எழுப்பிய மென்தோல்) அடி வைக்கிறார்கள். இப்போதைக்கு, பின்பட்டி உள்ள தோலடிச் செருப்பு ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

ஸ்வேட் அடியோடு தெருவில் நடக்கக் கூடாது என்று எனக்கு விற்றவர் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து மழையில் காலி வீதியோரமாக வெள்ளவத்தை பஸ் தரிப்பிடம் வரை அதோடே நடந்தேன். மறுவாரம் அது காய்ந்த அப்பளம்போல விறைத்து, பளபளவென்று வழுக்கியது. முதல் திருப்பத்திலேயே எட்டிப் பிடித்த பிளாஸ்டிக் கதிரையோடு சேர்ந்து விழுந்தேன். கம்பித் தூரிகையால் உரசினால் தோலின் பிசிர் மறுபடி எழும்பும் என்பதை, இரண்டாவது சோடியையும் அதே கடையில் வாங்கிய பிறகுதான் அறிந்தேன்.

கேள்வி: "ஏழு நாளில் சல்சா" என்ற விளம்பரத்தைப் பார்த்து 6,500 ரூபா அனுப்பினேன். வீடியோக்கள் வரவில்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. விற்றவரின் பெயர் தெரியாது. என்ன செய்யலாம்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வங்கியிடம் இன்றே சொல்லுங்கள். பெயர் தெரியாதவருக்கு ஒரு தேநீர்கூட வாங்கிக் கொடுக்க மாட்டீர்கள், 6,500 ரூபாவை மட்டும் எப்படி அனுப்பினீர்கள்?

கேள்வி: எனக்கும் மகளுக்கும் மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினோம். மூன்றாம் வாரம் போனபோது மண்டபம் பூட்டிக் கிடந்தது. நடத்தியவர் செய்திகளைப் பார்க்கிறார், பதில் போடுவதில்லை. பற்றுச்சீட்டு தரவில்லை, வங்கிச் சீட்டும் வாட்ஸ்அப் செய்திகளும் உள்ளன. நான்தான் ஏமாளியா?
— வாசகி, தெஹிவளை

பதில்: இல்லை அம்மா. நீங்கள் இடத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, இரண்டு வாரம் ஆடிப் பார்த்தவர். பிழை மண்டபத்தைப் பூட்டியவருடையது. பணத்தை இத்தனை நாளுக்குள் திருப்பித் தரும்படி திகதி குறித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அந்தச் சபைக்குரிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் உரியது. ஆனால் சேவை வழங்கப்பட்டு 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதால், அவர் மனம் மாறுவார் என்று காத்திருந்து நாட்களைக் கடத்திவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகள் ஒன்றையும் அழிக்காமல், அச்சிட்டு இணையுங்கள். வழி கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கேள்வி: சோடி இல்லாமல் தனியாக வருபவர்கள் மேலதிகமாக "துணைக் கட்டணம்" கட்ட வேண்டுமாம். இது முறையா?
— வாசகர், வத்தளை

பதில்: குழு வகுப்பில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி ஆடவிடுவதுதான் வழக்கம், ஆகவே வேறு வகுப்புப் பாருங்கள்.

கேள்வி: பைலா ஆடவும் வகுப்புக்குப் போக வேண்டுமா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: கொழும்பில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? அடுத்த கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் எழும்பி, பெரியம்மாக்களுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.