தாமதமான வினவல் (குவெரி) லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், பதிவாகிறது. அதை எந்த வழியில் இயக்கியது என்று காட்டும் பிளான் மட்டும் பதிவாகவில்லை. ஏன்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், தாமதமான வினவலின் பிளானைத் தானாக லாகில் எழுதும் ஆட்டோ எக்ஸ்பிளெயினுக்கு ஒரு வினாடி எல்லை வைத்தும், ஒன்பது வினாடி ஓடிய வினவலுக்குப் பிளான் வரவில்லை என்கிறீர்கள்.

வழக்கமான சந்தேகங்களை முதலில் கழித்துவிடுவோம். ஆட்டோ எக்ஸ்பிளெயினை 'செஷன் பிரீலோடு லைப்ரரீஸ்' அமைப்பில் சேர்த்திருந்தால் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். பூலில் (மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புத் தொகுப்பில்) நேற்றிலிருந்து திறந்து கிடக்கும் இணைப்புகளுக்கு அது எட்டாது. 'ஷேர்டு பிரீலோடு' என்றால் சர்வரையே மறுதொடக்கம் செய்தாக வேண்டும்.

சில பிளான்கள் வந்து சில வராமல் போனால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. வினவல் வரியை எழுதும் 'லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட்' அமைப்பு, இன்னொரு வேலை பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்கும். ஆட்டோ எக்ஸ்பிளெயினோ, பிளானை இயக்கும் பகுதியான எக்ஸிகியூட்டர் ஓடிய நேரத்தை மட்டும் பார்க்கும். டேபிள் மீதான பூட்டு பெரும்பாலும் அதற்கு முன்பே கேட்கப்படுகிறது. நண்டுக் கூடை தராசில் இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வரிசையில் கிடந்த நேரத்தை விட்டுவிடுவது போலத்தான் இது.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நண்டு வாங்கும் ஒரு நிறுவனத்தின் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். படகுகள் கரை திரும்பும் காலை நேரத்தில்தான் எடைச் சீட்டு திணறும். வியாபாரிகள் கத்துவார்கள், லாகில் பிளான் இருக்காது. வரியைக் கூர்ந்து பார்த்தால், 9,000 மில்லி வினாடிக்கு அருகில் இருந்த சொல் 'எக்ஸிகியூட்' அல்ல, 'பைண்ட்'. ஜாவா டிரைவர் பார்ஸ் (வினவலை அலசுதல்), பைண்ட் (மதிப்புகளைப் பொருத்துதல்), எக்ஸிகியூட் (இயக்குதல்) என்று பிரித்து அனுப்புவதால் ஒவ்வொன்றின் நேரமும் தனியாக விழும். எக்ஸிகியூட் சில மில்லி வினாடிகளில் முடிந்திருந்தது. அப்படியிருக்கப் பிளான் எங்கிருந்து வரும்?

'லாக் லாக் வெயிட்ஸ்' அமைப்பை இயக்கியதும் உண்மை வெளிவந்தது. டெட்லாக் டைம்அவுட் என்ற கால வரம்பை, இயல்பாக 1 வினாடியை, தாண்டும் பூட்டுக் காத்திருப்பை அது லாகில் எழுதும். விலை மாறும்போதெல்லாம் ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ (வினவலின் முடிவைச் சேமித்து வைத்திருப்பது) ரெஃப்ரெஷ் ஆகி, அதைப் படிக்க வந்த அத்தனை சீட்டுகளையும் நிறுத்தி வைத்திருந்தது. ஒரே மதிப்பு இருமுறை வராமல் காக்கும் யுனீக் இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்து, படிப்பவர்களை நிறுத்தாமல் ரெஃப்ரெஷ் செய்யும் 'கன்கரன்ட்லி' முறைக்கு மாற்றிய பின் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் வரியில் 'எக்ஸிகியூட்' என்றே இருந்தால் பூட்டை விட்டுவிட்டு, வினவல் அழைக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். அதற்குள் ஓடும் வினவல்களின் பிளான், 'லாக் நெஸ்டட் ஸ்டேட்மென்ட்ஸ்' இயக்கப்படாதவரை வராது. ஸ்டேட்மென்ட் டைம்அவுட் என்ற கால வரம்பைத் தாண்டி ரத்தான வினவலுக்கும் வராது. ஓடி முடிந்த பிறகுதான் பிளான் எழுதப்படுகிறது.