ராணுவத்தின் பகுதிநேரப் படையான டெரிடோரியல் ஆர்மிக்குத் தேர்வாகிவிட்டேன், பயிற்சிக்கு முன் என்ன செய்யலாம்?

செங்கோட்டையிலிருந்து கேட்ட தம்பிக்கு வாழ்த்துகள். 1.6 கி.மீ. ஓடித் தேறியாச்சே என்று ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள், ஆனால் லாரி ஓயாத புளியரை எஸ் வளைவுப் பக்கம் மட்டும் ஓடப் போகவேண்டாம்; தார் ரோட்டு இறக்கத்தில் தினமும் ஓடினால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொள்ளும், அதோடு பயிற்சிக்குப் போனால் பாடுதான். குளத்துக்கரை மண்பாதையே நல்லது.

அப்புறம் பூட்ஸ். இப்போதே வாங்கி, தடித்த சாக்ஸோடு முதலில் அரைமணி, பிறகு ஒருமணி என நடந்து பழகுங்கள். குதிகால் சிவந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், கொப்புளம் உடைந்தால் ஆற நாளாகும்.

சாவதான் (நிமிர்ந்து நில்), விஷ்ராம் (இலகுவாக நில்), தஹினே முட் (வலப்பக்கம் திரும்பு) என்று கட்டளையெல்லாம் இந்தியில்தான் வரும். நண்பனைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி, கேட்டவுடன் திரும்பிப் பழகுங்கள்.