ஐந்து நிறம் வந்தால் ஐந்து இனமா?
மரபணுத் தரவை வைத்து ஆட்களைக் கொத்துகளாகப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் (STRUCTURE) மென்பொருளில் கே (K) மதிப்பை, அதாவது எத்தனை கொத்துகள் வேண்டும் என்ற எண்ணை, 5 என்று வைத்ததும் கண்டத்துக்கு ஒரு நிறம் வந்தது, அப்படியானால் மனித இனங்கள் உண்மைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 5 நீங்கள் கொடுத்த எண். 2 முதல் 10 வரை மாற்றி, ஒவ்வொன்றையும் பத்து முறையாவது ஓட்டிப் பாருங்கள். 2002-இல் மரபியலாளர் ரோசன்பர்க்கின் ஆய்வுக்குழு 52 மக்கள்குழுக்களின் 1056 பேரை ஆராய்ந்தபோது, கே 6 ஆனதும் தனியாகப் பிரிந்தது பாகிஸ்தான் மலைப்பகுதியின் கலாஷ் என்ற சின்னஞ்சிறு சமூகம். அவர்களை ஆறாவது இனம் என்போமா? ஹசாரா, உய்குர் என்ற மத்திய ஆசியப் பகுதி மக்களுக்கு வரைபடத்தில் வரும் நிறப் பட்டைகளையும் கவனியுங்கள்; ஏறக்குறைய பாதிக்குப் பாதி இரண்டு நிறம். மரபணு வேறுபாட்டில் 93–95% ஒரே மக்கள்குழுவுக்குள்ளேயே இருந்தது, பெரும் பிரிவுகளுக்கிடையே 3–5% தான். வம்சாவளித் தடம் நிஜம். அதை ஐந்து பெட்டிகளில் அடைப்பதுதான் தவறு.

ஓட்டுமுன் நெருங்கிய உறவினர் மாதிரிகளை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குடும்பமே தனி நிறமாக வந்து நிற்கும்.