பத்திரம் என்னிடம், கேட் சாவி பங்காளியிடம்!

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் காடு). 1988-ல் பதிவான பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. பட்டா, கந்தாயம் (நிலவரி) எல்லாம் எங்கள் பேரில். 'சும்மாதானே கிடக்குது, ஆடு மாடு மேய்ச்சுக்கோ' என்று பெரியப்பா மகனிடம் அப்பா வாய்ப்பேச்சாக விட்டு 16 வருஷம் ஆகிறது. போன ஆடியில் படலை எடுத்துவிட்டு இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். '12 வருஷம் அனுபவிச்சா எனக்குத்தான்' என்கிறார். காடு போய்விட்டதுங்களா?

பதில்: போகவில்லைங்க. 12 வருஷம் என்பது 1963 காலவரையறைச் சட்டத்தில் இருப்பதுதான். வருஷத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை மறந்துவிடுகிறார்கள். அனுபோகம் எதிரிடையாக மாறிய நாள்தான் முதல் நாள். அனுமதியில் நுழைந்தவர் 16 அல்ல, 40 வருஷம் மேய்த்தாலும் அது அனுமதி அனுபோகமே. 'இது என்னுடையது' என்று உங்களுக்குத் தெரியும்படி, வெளிப்படையாக, இடைவிடாமல் வைத்திருந்தால்தான் எதிரிடை. உங்கள் விஷயத்தில் கேட்டுக்குப் பூட்டு விழுந்த நாளில்தான் அந்தக் கணக்கே தொடங்குகிறது.

பூட்டை உடைக்காதீர்கள், போலீஸ் புகார் உங்கள் மேல் திரும்பும். முதலில் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ்: மேய்ச்சலுக்கு வாய்மொழி அனுமதி தந்தோம், அதை ரத்து செய்கிறோம், 15 நாளில் காலி செய்யவும். அதில் '16 வருஷமாக ஆக்கிரமித்து வருகிறீர்' என்று கோபத்தில் எழுதிவிட வேண்டாம். அந்த ஒரு வரி போதும், அவருடைய வழக்கை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

உழுகிற தோட்டமென்றால் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பயிர் ஏறியிருக்கும். கொறங்காட்டில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால் வேறு தடயம் தேட வேண்டும். கிளுவை வேலி அடைத்த கூலிக் கணக்கு, வெள்வேல மரம் விற்ற சீட்டு, அப்பா காலத்து மேய்ச்சல் குத்தகைச் சீட்டு, அப்பா சொன்னதைக் காதால் கேட்ட பக்கத்துக் காட்டுக்காரர். 'சித்தப்பா காட்டுல ஆடு விட்டிருக்கேன்' என்று பெரியப்பா மகனே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கிடைத்தால் அழிக்காமல் வையுங்கள்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான். வழக்கைத் தாங்கப்போவது பாகப்பிரிவினைப் பத்திரம். வில்லங்கச் சான்றும் புல வரைபடமும் எடுத்து, பட்டாவில் பரப்பு ஏறத்தாழ 1.62 ஹெக்டேர் வருகிறதா என்று ஒத்துப் பாருங்கள். எதிரிடை அனுபோகக்காரரே வழக்குப் போடலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அவர் முந்திக்கொள்ளக்கூடும். எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கோர்ட்டில் முன்கூட்டியே ஒரு கேவியட் மனுப் போட்டு வையுங்கள். அது 90 நாள்தான் செல்லும். நோட்டீஸுக்கு மசியாவிட்டால் உரிமை விளம்புகையோடு (நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது) சுவாதீன மீட்பும் (நிலத்தைக் கைக்குத் திரும்ப வாங்குவது) கேட்டு வழக்கு. சாவி அவரிடம் இருக்கும்போது வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்டால் நிற்காது.

கேள்வி: கோபி அருகே 2 ஏக்கருக்கு முக்கால்வாசிப் பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம் எழுதி, மரவள்ளி நட்டேன். பதிவு செய்யவில்லை. உடைமைக்காரர் டிராக்டர் விட்டுப் பயிரை உழுதுவிட்டு, வேறு ஆளுக்கு விற்கப் பார்க்கிறார்.

பதில்: உங்களிடம் இருந்தது சுவாதீனம் மட்டுமே. 100 ரூபாய்க்கு மேற்பட்ட நிலம் பதிவான கிரையத்தால்தான் கைமாறும். 24.9.2001-க்குப் பின் எழுதிய பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்து, ஒப்பந்தப்படி சுவாதீனத்தில் இருப்பவருக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு தரும் பாதுகாப்பும் கேட்க முடியாது. ஆனாலும் வழக்கில்லாமல் உங்களை விரட்ட அவருக்கு அதிகாரமில்லை. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 6-ன்படி, வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் யாருக்குச் சொந்தம் என்று பார்க்காமலே சுவாதீனத்தைத் திருப்பித் தருவார்கள். ஒரு நாள் தாண்டினாலும் அந்தக் கதவு மூடிவிடும். கிரையம் எழுதித் தரச் சொல்லும் வழக்குக்கு 3 வருஷ அவகாசம். பதிவில்லாத ஒப்பந்தமும் அதில் சாட்சியமாகும் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் விற்காதிருக்கத் தடையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: புறம்போக்கில் வீடு. 20 வருஷ பி-மெமோ ரசீதுகள் இருக்கின்றன. சொந்தமாகுமா?

பதில்: ஆகாது. பி-மெமோ ஆக்கிரமிப்புக்கான அபராதச் சீட்டு. அதைக் கட்டியதே இடம் அரசாங்கத்துடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அரசுக்கு எதிரான கெடுவும் 12 அல்ல, 30 வருஷம். ஓடை, குளம் இல்லாத இடமாக இருந்தால் வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள்.