பொம்மைக்கு எதற்குப் பூட்டு?

குழந்தைகள் அறை, பொம்மை அலமாரி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் குழந்தைகள் அறைகளை வடிவமைத்துத் தருபவர் பதில் சொல்கிறார்.

இரண்டு படுக்கையறை ஃப்ளாட் எங்களுடையது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஹாலில் கண்ணாடி ஷோகேஸ் நிறைய பொம்மைகள் இருக்கின்றன. ஆனாலும் தரையெல்லாம் பொம்மை. இன்னொரு ஷோகேஸ் அடிக்கலாமா? பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும்.
– வாசகி, தாம்பரம்

இன்னொன்று வேண்டாம். இருக்கும் ஷோகேஸிலிருந்தும் பொம்மைகளை வெளியே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேலைக்காகப் போகும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த ரிமோட் கார், அட்டைப் பெட்டி பிரிக்காமல் கண்ணாடிக்குள் இருக்கும். சாவி பீரோ மேலே. குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். "உடைச்சிடுவான் மேடம், கொஞ்சம் பெரியவனானதும் குடுக்கலாம்னு வச்சிருக்கோம்" என்பார்கள். அவன் பெரியவனாகும்போது அந்தக் கார் அவனுக்கு வேண்டியிருக்காது. பேட்டரி கசிந்து, உள்ளே பச்சை பூத்திருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. உடைந்தால் உடையட்டும், விளையாடி உடையட்டும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கியபோது, அங்கேயும் பொருட்கள் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார், அவரே திரும்ப வைப்பார். ஒருநாள் அவர் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொண்டு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருடுகிறார்களே என்று ஆசிரியைக்குக் கோபம். மாண்டிசோரிக்கு வேறொன்று புரிந்தது: எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கவும் தெரிகிறது. அப்புறம் பூட்டு போய், சின்னக் கைக்கு எட்டும் திறந்த தட்டுகள் வந்தன. அவர் 1939-ல் நம் அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு வந்தார், இரண்டாம் உலகப்போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உங்கள் பக்கத்தில் நல்ல மாண்டிசோரி பள்ளி இருந்தால் ஒருமுறை போய் அந்த அலமாரிகளைப் பாருங்கள். நான் சொல்ல வருவது முழுவதும் அங்கே கண்ணெதிரே இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. நான்கடி நீளம், இரண்டரை அடி உயரம், ஒரு அடி ஆழம். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. நடுவில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, மேல்பலகை. 18 மி.மீ. பி.டபிள்யு.ஆர். ப்ளைவுட், அதாவது ஈரம் தாங்கும் வகை, போதும். பார்ட்டிக்கிள் போர்டு விலை குறைவுதான், ஆனால் மாப் போடும் தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பக்கம் ஊதிப்போகும். முனைகளை உருட்டித் தரச் சொல்லுங்கள், ஓரத்தில் பீடிங் விட்டுப்போகாமல் ஒட்டச் சொல்லுங்கள். நடுத்தட்டுக்கு மூன்றடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விட்டால் நாளடைவில் தொய்யும், அதனால் நடுவே ஒரு செங்குத்துப் பலகை கட்டாயம்.

அழகு என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கடைக்குப் போனால் கார்ட்டூன் படம் போட்ட மைக்காவைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். பொம்மையே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கத்திக்கொண்டிருக்கும். பின்பலகையும் கத்தினால் கண் எதிலும் நிற்காது. வெளிர் மர நிறம் அல்லது சந்தன நிறத்தில் மைக்கா போடுங்கள், அதன்முன் ஒரு சன்னபட்ணா மர ரயில் எப்படித் தெரிகிறதென்று பாருங்கள். கூடைக்குப் பிளாஸ்டிக் வேண்டாமே. நான் தேவகோட்டைக்காரி, அதனால் கொட்டான்மேல் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. செட்டிநாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் அந்தக் கூடைகளை ஒரே அளவில் நாலைந்து வாங்கி அடுக்கினால், அதற்குமேல் அலங்காரம் எதுவும் தேவைப்படாது. ஒன்றில் மரக்கட்டைகள், ஒன்றில் சொப்புச் சாமான், ஒன்றில் மிருகங்கள். மகனுக்கு இன்னும் படிக்கத் தெரியாதல்லவா? உள்ளே இருப்பதை போனில் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, கூடை முன்னால் கட்டிவிடுங்கள். அவனே பார்த்துத் திரும்ப வைப்பான்.

எல்லாவற்றையும் வெளியே வைக்க இடம் போதாது, வைக்கவும் கூடாது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-ல் வெளியானது. ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள். முன்னால் 16 பொம்மைகள் இருந்தபோது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றையும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். உங்கள் வீட்டில் ஆளுக்கு ஏழெட்டு வெளியே இருக்கட்டும். மீதியைப் பழைய சேலைத் துணிப்பைகளில் கட்டி லாஃப்ட்டில் ஏற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லாஃப்ட்டிலிருந்து இறங்குவது அவர்களுக்குப் புதுப் பொம்மைதான்.

காலியான ஷோகேஸில் மகள் வரைந்த படங்களையும் அவள் செய்த களிமண் பிள்ளையாரையும் வையுங்கள்.

வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். பொம்மைகளை எங்கே வைப்பது?
– வாசகி, வேளச்சேரி

கொலுப்படி இருக்கிறதா உங்களிடம்? கழற்றி மாட்டும் வகை என்றால் நவராத்திரி முடிந்ததும் பரணில் ஏற்றாதீர்கள். கீழ் மூன்று படிகளை மட்டும் மாட்டி, வெள்ளை வேட்டிக்குப் பதில் ஒரு சுங்குடித் துணி விரித்துவிட்டால் ஆணியே இல்லாத பொம்மை அலமாரி தயார். மூன்று படிக்கு மேல் போகாதீர்கள், பிள்ளைகள் ஏறுவார்கள்.

கதவுக்குப் பின்னால் மாட்டும் துணிப்பை அடுக்கு இன்னொரு வழி. கட்டிலுக்கடியில் சக்கரம் வைத்த தட்டைப் பெட்டிகளும் வைக்கலாம். புதிர் அட்டைகளுக்கு மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கியபிறகு வீட்டில் நிறைய சேர்ந்திருக்குமே! ஒரு புதிருக்கு ஒரு பை, மேலே அதன் படத்தைத் தைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆணி அடிக்க முடியாத வீட்டில் உயரமான அலமாரியோ ட்ராயர் ஸ்டாண்டோ குழந்தை அறைக்குள் வரவே கூடாது. குழந்தை கீழ் ட்ராயரை இழுத்து அதன்மேல் ஏறினால் மொத்தமும் குழந்தைமேலேயே சாயும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால் 2016-ல் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் சுமார் 2.9 கோடி ட்ராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. வேறு வழியில்லாமல் உயரமான ஒன்று இருந்துதான் தீரவேண்டும் என்றால், அதைச் சுவரோடு எல் (L) வடிவ கிளாம்ப் போட்டுப் பிணைக்க ஓனரிடம் அனுமதி கேளுங்கள். காலி செய்யும்போது ஓட்டையைப் பட்டி பார்த்து அடைத்துத் தருவதாக எழுதியே கொடுங்கள். குழந்தை பாதுகாப்புக்காக என்று சொன்னால் பெரும்பாலான ஓனர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். வெளிநாட்டில் செய்வதுபோல் குழந்தைக்குத் தனி அறை அலங்காரம் செய்யச் சொல்கிறார் மாப்பிள்ளை. என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

அம்மா, முதல் ஆறு மாதம் அந்த அறை உங்கள் மகளுக்கானது. குழந்தைக்கு வேண்டிய பொருட்களை எடுக்கப்போவது அவள் கைதான். சிசேரியன் ஆனால் குனிய முடியாது, தூக்க முடியாது. அதனால் எல்லாம் அவள் இடுப்பு உயரத்தில், கட்டிலிலிருந்து கைநீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சக்கரம் வைத்த மூன்றடுக்கு ட்ராலி ஒன்று போதும். மேல் தட்டில் துணி நாப்கின், பஞ்சு. நடுவில் மாற்றுச் சட்டைகள், துண்டு. கீழே மகளுக்கு வேண்டியவை. தண்ணீர் பாட்டிலுக்கும் போன் சார்ஜருக்கும் இடம் ஒதுக்குங்கள்.

தொட்டிலிலோ குழந்தை தூங்கும் படுக்கையிலோ பொம்மை, தலையணை, சுற்றிலும் கட்டும் பஞ்சு மெத்தை எதுவும் வேண்டாம். முதல் ஒரு வருடம் படுக்கை வெறுமையாக இருப்பதுதான் மூச்சுக்குப் பாதுகாப்பு. மாப்பிள்ளை காட்டும் படங்களில் தொட்டில் நிறையக் கரடி பொம்மை இருக்கும், படத்தோடு இருக்கட்டும்.

வீட்டில் பழைய மரத்தொட்டில் இருந்தால் பெயின்ட்டைக் கவனியுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு உரிந்துவந்தால் அந்தத் தொட்டிலைக் குழந்தை பக்கம் கொண்டுவராதீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அதைச் சுரண்டி உப்புத்தாள் போடுவதும் ஆபத்து.

எடுத்து வைத்திருக்கும் பழைய குழந்தைத் துணிகளில் அந்துருண்டை போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்துருண்டையிலுள்ள நாஃப்தலின் அவர்கள் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். வசம்போ காய்ந்த வேப்பிலையோ துணியில் முடிந்து வையுங்கள், அதுவும் குழந்தைக்கு எட்டாமல். துணிகளை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்தபிறகு போடலாம்.

அலங்காரத்துக்கு உங்கள் ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம். அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச்சாமான்களை ஜன்னல் மேட்டில் வரிசையாக வையுங்கள். தரையில் ஒரு பத்தமடைப் பாய். மாப்பிள்ளை படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார், பாருங்கள்.

மழைக்காலத்தில் பஞ்சு பொம்மைகளெல்லாம் பூஞ்சை பிடித்து நாறுகின்றன.
– வாசகி, நாகப்பட்டினம்

கடற்கரை ஊரில் பஞ்சு பொம்மையை மூடிய பெட்டியில் வைத்தால் அப்படித்தான் ஆகும். ஐப்பசி தொடங்கும் முன் எல்லாவற்றையும் துவைத்து, உட்பஞ்சுவரை காயும்படி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள். பிறகு வலைப்பையில் போட்டு, சுவரைத் தொடாமல் காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள். உள்ளே கறுத்துப்போனதைத் தூக்கிப் போடுவதே நல்லது. பிள்ளைக்கு ரொம்பப் பிடித்ததென்றால் தையலைப் பிரித்துப் பஞ்சை மாற்றித் தைத்துவிடுங்கள்.

லெகோ, மணி, சின்னச் சின்ன சாமான்கள் வீடெங்கும் சிதறுகின்றன. கைக்குழந்தையும் இருக்கிறது.
– வாசகி, கோவை

மணிகளுக்கு அஞ்சறைப்பெட்டியைவிட நல்ல பெட்டி எந்தக் கடையிலும் இல்லை. எவர்சில்வரில் மூடி இறுக்கமாக இருப்பதாக எடுங்கள். லெகோவுக்கு வட்டமான பெரிய துணி வெட்டி, ஓரத்தில் நாடா கோத்துவிடுங்கள். விரித்தால் விளையாட்டுத் தரை, நாடாவை இழுத்தால் மூட்டை.

கைக்குழந்தை இருப்பதால் அளவு முக்கியம். மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கான பொம்மைச் சோதனையில் 3.17 செ.மீ. விட்டமுள்ள சின்னக் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. மூத்தவன் மேசைமேல் உட்கார்ந்து விளையாடட்டும், முடித்ததும் பெட்டி உயரத்துக்குப் போகட்டும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை ஏதாவது இருந்தால் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இல்லாத மலிவுப் பொம்மையை வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்றவன். மரவேலை தெரியும். பழைய தேக்குக் கதவு ஒன்று இருக்கிறது. பேத்திக்கு மூடி போட்ட பெரிய பொம்மைப் பெட்டி செய்துதர ஆசை.
– வாசகர், கும்பகோணம்

ஐயா, செய்யுங்கள். மூடியை மட்டும் விட்டுவிடுங்கள். தேக்கு மூடி கனமானது, எட்டிக் குனியும் குழந்தையின் கழுத்தில் விழுந்தால் தாங்காது. ஒளிந்து விளையாட உள்ளே இறங்கி மூடிக்கொண்டால் மூச்சும் முட்டும். ஆழமான பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அடியில் போனது மேலே வராது, ஒன்றைத் தேடி எல்லாவற்றையும் தரையில் கொட்டுவாள்.

மூடியில்லாமல், பத்து அங்குல ஆழத்தில் இரண்டு பெட்டிகள் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடிக்குத் துளை, அடியில் நான்கு சக்கரம், அதில் இரண்டுக்கு பிரேக். உட்புறத்தில் ஆணிமுனையோ சிலாம்போ இல்லாமல் இழைத்து, தேன்மெழுகு தேய்த்துவிடுங்கள். பழைய கதவில் பெயின்ட் இருந்தால் நான் மேலே ஈயத்தைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள், அதை அறுக்காமல் வேறு பலகை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் எண்ணெய் பூசிய கதவு என்றால் இன்றைக்கே ரம்பத்தை எடுக்கலாம்.