பத்தாம் வகுப்பு முடித்த மகனும் ஒரு கைரேகை அறிக்கையும்

சென்ற வாரம் வியாசர்பாடியிலிருந்து மகனின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்த ஒரு தாய், பத்தாம் வகுப்பில் தேறியிருக்கும் மகனின் மதிப்பெண் பட்டியலோடு, கைரேகையைப் பதிவுசெய்து தயாரித்த வண்ண அறிக்கை ஒன்றையும் என் மேசைமேல் வைத்தார். மகன் ‘பார்த்துக் கற்பவன்’ என்றும், கணினித் துறையே அவனுக்குப் பொருந்தும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. அவருடைய அண்ணனும் அதையே சொல்கிறாராம், ஐ.ஐ.டி. பயிற்சி தரும் தனியார் பள்ளியில் சேர்க்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் ஏற்பாடும் நடக்கிறது. கணக்கில் நாற்பதைத் தாண்டாத பையன், பேச்சு முழுவதும் தலைகுனிந்தே இருந்தான். என் அறையில் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை மட்டும் இரண்டு முறை அண்ணாந்து பார்த்தவன், கிளம்பும்போது, “ஃபேன் புஷ் தேஞ்சிருக்கு சார்” என்றான்.

அம்மா, அன்று நீங்கள் கண்கலங்கியதால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

விரல் ரேகைக்கும் ஒரு பிள்ளை எப்படிக் கற்கிறான் என்பதற்கும் அறிவியல் எந்தத் தொடர்பையும் நிறுவவில்லை. அந்த அறிக்கையை எடுத்து வைத்துவிடுங்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்னும் கருத்துக்கே போதிய சான்று இல்லை என்று, 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். கற்கும் வழிகள் பல என்பதை நான் மறுக்கவில்லை. நீச்சலைத் தண்ணீரில் இறங்கித்தான் கற்கிறோம், சமையலை அடுப்படியில் நின்று கற்கிறோம், இலக்கணத்தை உட்கார்ந்து படித்துக் கற்கிறோம். வழியைப் பெரும்பாலும் கற்கும் பொருளே தீர்மானிக்கிறது. ஆகவே பிள்ளை எந்த வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துச் செய்கிறான், எதில் தன் தவறைத் தானே திருத்திக்கொள்கிறான் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். நீங்களே சொன்னீர்கள்: மிக்ஸியைக் கழற்றி மாட்டுகிறான், மாடிவீட்டு மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தான். அதை நீங்கள் ஒரு குறையாகச் சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

பதினொன்றாம் வகுப்புப் பிரிவுகளைப் பற்றி உறவினர்கள் வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாதது அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. அது சென்னையில் கிண்டி, அம்பத்தூர், வடசென்னை ஆகிய இடங்களில் இருக்கிறது. அங்கே இயந்திர உறுப்புகளை அளந்து, செதுக்கி, பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் என்ற இரண்டாண்டுப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பையன் கையில் ஓர் அரமும், வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் இறுக்கிய ஓர் இரும்புத் துண்டும்தான் இருக்கும். அதன் ஒரு முகத்தைச் சமமாக ராவ வேண்டும். ராவிய பரப்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பள்ளம் விழுந்த இடத்தில் ஒளிக்கீற்று தெரியும். ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே தவறு எங்கே என்று அந்த ஒளி காட்டிவிடுகிறது. அவன் மறுபடியும் ராவி, மறுபடியும் வைத்துப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் இதே பையன் செய்த தவறு, பல நாள் கழித்துச் சிவப்பு மையில் திரும்பி வந்தது. அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தது. பிறகு நுட்பமாக அளக்கும் கருவிகளான வெர்னியரில் 0.02 மில்லிமீட்டரும் மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரும் அளக்கப் பழகுவான். ஒரு துண்டு இன்னொன்றின் வெட்டுக்குள் ஆட்டமில்லாமல் அமரும்படி இரண்டையும் செய்வான். தொழிற்கூடக் கணக்கும் வரைபடமும் அங்கே கட்டாயப் பாடங்கள். தாளில் பிடிபடாத தசமப் புள்ளி, இரும்பில் அளந்து தவறும்போது பிடிபடுவதை நான் பல பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன்.

“படிப்பு அதோடு நின்றுவிடுமே” என்று உங்கள் அண்ணன் கேட்பார். நிற்காது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மொழிப்பாடத் தேர்வுகளில் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், அதை முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் உதவித்தொகையுடன் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், நாள் முழுவதும் நின்று வேலை செய்ய வேண்டும். இவற்றையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. தனியார் நிலையம் என்றால், மத்திய அரசின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பதினைந்து வயதுப் பையன் கேட்காத படிப்புக்காக, குடியிருக்கும் வீட்டை அடகு வைப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அவன் தேறாமல் போனால் கடன் உங்கள் தலையிலும், பழி அவன் தலையிலும் விழும்.

ஐ.டி.ஐ.யையும் அவன்மேல் திணிக்க வேண்டாம். விண்ணப்பம் வாங்குவதற்கு முன், ஒரு வேலைநாளில் அவனைக் கிண்டிக்கு அழைத்துச் சென்று, அனுமதி கேட்டுத் தொழிற்கூடத்தைப் பார்க்க விடுங்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். அண்ணனை அன்று அழைத்துப் போக வேண்டாம். திரும்பி வரும் வழியில் அவனாகப் பேசுகிறானா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் என்னிடம் வாருங்கள், வேறு வழி பார்ப்போம். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.